பள்ளி ஆய்வகத்தில் ஒரு நகைத் தராசு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் மதிப்புரை

வேதிவினையின் சதவீத விளைச்சலைக் கணக்கிடச் சொல்லித் தருவது கரும்பலகையில் எளிது. வினைபடு பொருளின் நிறையைக் கொடுத்துவிட்டால், மாணவர்கள் அதை மோலாக (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) மாற்றி, சமன்பாட்டின் விகிதத்தைப் போட்டு, கொள்கையளவில் கிடைக்க வேண்டிய நிறையைக் கண்டுபிடித்து, உண்மையில் கிடைத்ததை அதனால் வகுத்து நூறால் பெருக்கிவிடுவார்கள். ஆனால் அந்த "உண்மையில் கிடைத்த" எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் வினாத்தாளிலிருந்து என்றுதான் சொல்வார்கள். அந்த எண்ணை அவர்கள் கையாலேயே எடுக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில், மேல்நிலை வகுப்பு ஆய்வகத்துக்காக என் சொந்தப் பணத்தில் ஒரு கையடக்க மின்னணுத் தராசு வாங்கினேன். அதிகபட்சம் 200 கிராம், 0.01 கிராம் வரை காட்டும் வகை அது. ஓராண்டாகப் பயன்படுத்திய பிறகு, என்னைப் போல் குறைந்த செலவில் இந்தக் கணக்குகளைச் செய்முறையாக நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் செய்து பார்க்கும் ஆர்வலர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வாங்கியது மதுரை தெற்கு ஆவணி மூல வீதியின் பக்கத்தில், பொற்கொல்லர்களுக்கான கருவிகள் விற்கும் ஒரு சிறு கடையில். ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. தராசின் மீது அச்சிட்டிருக்கும் பெயர் ஒவ்வோர் உருப்படியிலும் வெவ்வேறாக இருக்கிறது. உள்ளிருக்கும் பொருள் ஒன்றுதான் என்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. கடைக்காரர் நேர்மையானவர். ஒரு குன்றிமணியை எடுத்துத் தட்டில் வைத்து, 0.11 என்று எண் விழுந்ததும், "சார், இது பவுன் எடைக்கு ஆகாது; பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆகும்" என்றார். அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். இதில் முத்திரை இல்லை. ஆய்வகத்தில் நாம் எதையும் விற்கப் போவதில்லை என்பதால் அது நமக்குத் தடையில்லை.

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய இரசாயனத் தராசு ஒன்று உண்டு. அதன் எடைப்பெட்டியில் மில்லிகிராம் எடைகளில் பாதி காணாமல் போய்விட்டன. இருப்பவற்றையும் மாணவர்கள் இடுக்கியால் எடுக்காமல் விரலால் எடுத்துப் பழக்கிவிட்டார்கள். அந்தத் தராசில் ஒரு பொருளை நிறுக்கப் பத்து நிமிடம் ஆகும். ஆறு குழுக்கள் நிறுத்து முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். புதிய தராசு ஐந்து நொடியில் எண்ணைச் சொல்லிவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே அதை வாங்கலாம் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். பிறகுதான் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எழுந்தது.

நிறை உறுதியாகத் தெரிந்த படித்தர எடை எதுவும் கையில் இல்லாததால் சில்லறைக் காசுகளை வைத்துச் சோதித்தேன். ரூபாய்க் குறியீட்டுடன் 2011 முதல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் நாணயத்தின் நிறை 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6.00 கிராம் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதிகம் தேயாத காசுகளாகத் தேர்ந்தெடுத்து வைத்தபோது 3.78, 4.85, 5.99 என்று காட்டியது. ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையே இருபது முறை எடுத்து வைத்ததில் 5.97 முதல் 6.01 வரை எண்கள் வந்தன. தட்டின் நடுவில் வைக்காமல் மூலையில் வைத்தால் 5.96 வரை இறங்கியது. ஆகவே கடைசி இலக்கம் 0.01 என்று அட்டைப்பெட்டி சொன்னாலும், இருபுறமும் 0.02 கிராம் பிழை இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நியாயம் என்று முடிவு செய்தேன். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் இதுவும் பொய்த்துவிடும். எண் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி உள்ளே வைத்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று.

அளவீட்டுச் சரிசெய்தலைப் பற்றி ஒரு சொல். தராசு உள்ளே ஓர் உலோகத் துண்டு வளைவதை அளக்கிறது. அதாவது அது உணர்வது விசையை, காட்டுவது நிறையை. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை சதவீதம் மாறுவதால், வேறொரு அட்சரேகையில் உள்ள தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்ட தராசு இங்கே சற்று மாறுபட்டுக் காட்டலாம். 100 கிராம் படித்தர எடை ஒன்றைத் தனியாக வாங்கி, அதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்துச் சரிசெய்துவிடுவது நல்லது. சதவீத விளைச்சல் ஒரு விகிதம் என்பதால், இரண்டு நிறைகளையும் ஒரே தராசில் எடுத்தால் இந்த வகைப் பிழை மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடும். அளவுருளையில் எடுத்த அமிலத்தையும் தராசில் எடுத்த உப்பையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் அது வெளியே தலைகாட்டும்.

முதல் செய்முறையாக ஆப்ப சோடாவை எடுத்தேன். சோடியம் பைகார்பனேட்டைச் சூடாக்கினால் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி சோடியம் கார்பனேட்டு மிஞ்சும். இரண்டு மோல் பைகார்பனேட்டு, அதாவது 168.01 கிராம், ஒரு மோல் கார்பனேட்டைத் தரும், அது 105.99 கிராம். ஆகவே 5.00 கிராம் சோடாவிலிருந்து 3.15 கிராம் கிடைக்க வேண்டும். பீங்கான் கிண்ணத்தில் கால்மணி நேரம் சூடாக்கி, ஆறவைத்து நிறுத்தபோது 3.61 கிராம் இருந்தது. விளைச்சல் 114 சதவீதத்துக்கும் மேல். "நூறுக்கு மேலே வாங்கிட்டோம் சார்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. மறுபடி சூடாக்கியதும் 3.22, மூன்றாம் முறை 3.17, நான்காம் முறையும் 3.17. இரண்டு முறை அடுத்தடுத்து ஒரே எண் வரும் வரை சூடாக்கும் "மாறா எடை" என்ற சொல்லை நான் பல ஆண்டுகளாக விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அது விளக்கமில்லாமலே புரிந்தது. இறுதி விளைச்சல் 100.5 சதவீதம். அந்த அரை சதவீதத்தை யாரும் விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் 3.15 கிராமில் 0.02 கிராம் என்பதே அரை சதவீதத்துக்குச் சற்று மேல். தராசால் சொல்ல முடியாததை நாம் அதனிடம் கேட்கக் கூடாது.

இந்தச் செய்முறையில்தான் தராசின் மோசமான குணம் ஒன்றும் தெரிந்தது. சோடாவைச் சிறு கரண்டியின் நுனியால் தட்டித் தட்டிச் சேர்க்கும்போது 4.98-இல் எண் நின்றுவிட்டது; மேலும் மேலும் தூவியும் அசையவில்லை. கிண்ணத்தைத் தூக்கி மீண்டும் வைத்ததும் 5.09 என்று காட்டியது. மிகச் சிறிய மெதுவான மாற்றத்தைக் காற்றின் அலைச்சலாக எண்ணித் தராசே அடக்கிக்கொள்கிறது. எண் நிலையாக நிற்பதுபோல் தோன்றுவதற்காகச் செய்திருக்கும் ஏற்பாடு இது. நகைக்கடையில் மோதிரத்தைத் தூவிச் சேர்ப்பவர் எவரும் இல்லை என்பதால் அங்கே இது குறையாகப் படாது. நமக்கு இது பெரிய குறை. தேவையான அளவை நெருங்கியதும் கிண்ணத்தைத் தட்டிலிருந்து எடுத்து, வெளியே வைத்துச் சேர்த்து, மறுபடி வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சரியாக 5.00 வர வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டோம்: 5.09 என்று வந்தால் 5.09 என்றே எழுதி, அதற்குரிய கொள்கை விளைச்சலைக் கணக்கிட்டால் போதும்.

அடுத்தது வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. எந்த வினைபடு பொருள் முதலில் தீர்ந்து வினையை நிறுத்துகிறதோ அதுவே அந்தக் காரணி என்பது பாடம். மளிகைக் கடையில் கிடைக்கும் 4 சதவீத வினிகர் 50 மில்லியையும், 5.00 கிராம் ஆப்ப சோடாவையும் எடுத்துக்கொண்டோம். ஐம்பது மில்லி என்பது ஐந்து கிராமைவிட எவ்வளவோ அதிகம் என்பதால், சோடாதான் முதலில் தீரும் என்று வகுப்பே ஒருமனதாகச் சொன்னது. கணக்கு வேறு சொன்னது. அந்த வினிகரில் அசிட்டிக் அமிலம் 2.0 கிராம்தான், மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) 60.05 என்பதால் 0.0333 மோல். சோடா 0.0595 மோல். ஒன்றுக்கு ஒன்று வினைபுரிவதால் அமிலம் தீர்ந்த பிறகும் சோடாவில் ஏறக்குறைய பாதி மிஞ்சி நிற்கும். வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு 1.47 கிராம். நெகிழிக் குவளையோடு சேர்த்து நிறுத்து, நுரை அடங்கியதும் மறுபடி நிறுத்தபோது 1.36 கிராம் நிறை குறைந்திருந்தது, 92 சதவீதத்துக்குச் சற்று மேல். மிச்சத்துக்குக் காரணம் தேடியபோது, அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கார்பன் டை ஆக்சைடு கரையும் என்பது நினைவுக்கு வந்தது. அப்படியானால் 50 மில்லியில் 0.07 கிராம் கரைந்தே இருந்துவிடும். குறைந்த 0.11 கிராமில் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. குவளையை நன்றாகக் கலக்கி மறுபடி நிறுத்தபோது இன்னும் 0.03 குறைந்ததைப் பார்த்ததும், விளக்கம் சரிதான் என்று மாணவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே கண்ணாடிக் கூம்புக் குடுவை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் உள்ள 250 மில்லிக் குடுவையை வினிகரோடு தட்டில் வைத்தால் தராசின் 200 கிராம் எல்லையைத் தொட்டுவிட, எண்ணுக்குப் பதிலாகப் பிழைக்குறி வருகிறது. மெல்லிய நெகிழிக் குவளைதான் சரி.

ஒரு மாணவி, வாயு தப்பாமல் இருக்க வாயில் பலூனைக் கட்டிவிட்டால் நிறை மாறாமல் இருக்க வேண்டுமே என்று கேட்டாள். சிறிய நெகிழிப் புட்டியில் செய்து பார்த்தோம். பலூன் உப்பியது, ஆனால் தராசு 0.9 கிராம் குறைந்ததாகக் காட்டியது. கட்டை அவிழ்த்துப் பார்த்து, சோப்பு நீர் தடவிப் பார்த்து, கசிவே இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எனக்கே உறைத்தது. 0.0333 மோல் வாயு நம் ஊர் வெப்பத்தில் 0.8 லிட்டருக்கு மேல் இடம்பிடிக்கும். அவ்வளவு காற்றை அது விலக்குகிறது. ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். ஆக, பலூனை மேல்நோக்கித் தாங்கும் மிதப்பு விசை மட்டுமே ஒரு கிராமுக்கு அருகில் வருகிறது. நிறை அழியவில்லை, தராசு காற்றுக்குள் நின்று நிறுக்கிறது, அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய்த் தராசு ஆர்க்கிமிடீசையும் சேர்த்துச் சொல்லித் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தராசின் முழுத் தகுதியும் தெரிந்தது படிகாரத்தில்தான். சமையலறை அலுமினியத் தாளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, வடிகட்டி, கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கிக் குளிரவைத்தால், நாவிதர் கடையில் பார்க்கும் அதே பொட்டாஷ் படிகாரம் எண்முகப் படிகங்களாக இறங்கும். ஒரு மோல் அலுமினியம் ஒரு மோல் படிகாரத்தைத் தரும். 1.00 கிராம் அலுமினியத்தை 26.98-ஆல் வகுத்து, இடையில் முழுமையாக்காமல், படிகாரத்தின் மோலார் நிறையான 474.4-ஆல் பெருக்கினால் 17.58 கிராம் கிடைக்கும். ஒரு கிராம் போட்டுப் பதினேழு கிராமா என்று மாணவர்கள் வியப்பார்கள். படிகத்தில் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளும் இரண்டு சல்பேட்டும் ஏறி உட்கார்ந்திருப்பதால் வந்த பெருக்கம் அது. தராசைப் பொறுத்தவரை இது பெரிய வரம். விளைபொருளின் நிறை பத்துக் கிராமுக்கு மேல் இருப்பதால் 0.02 கிராம் பிழை அங்கே ஒரு பொருட்டே இல்லை.

எதை எவ்வளவு கவனமாக நிறுக்க வேண்டும் என்பதையும் இந்த வினை சொல்லித் தருகிறது. கணக்கின்படி 0.0371 மோல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும். ஆனால் அலுமினியம் முழுவதும் கரைய வேண்டும் என்பதற்காக 0.070 மோல் எடுக்கிறோம். தூய நிலையில் அது 3.93 கிராம். எங்கள் புட்டியின் மீது 85 சதவீதம் என்று போட்டிருப்பதால் 4.62 கிராம் எடுக்க வேண்டும். அந்த வில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4.62-இலிருந்து 4.66-க்கு ஏறின. ஒரு மாணவன் பதறிப்போய் ஒரு வில்லையை எடுத்துவிட முயன்றான். வேண்டாம் என்றேன். மிகுதியாக இருக்கப்போகும் பொருளில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் விளைச்சல் மாறாது, அலுமினியத்தில் 0.04 கிராம் தவறினால் விடையில் நான்கு சதவீதம் தவறிவிடும். நம் கவனமும் தராசின் துல்லியமும் வினையைக் கட்டுப்படுத்தும் பொருளுக்கே போக வேண்டும். ஆனால் அமிலத்தைக் கணக்கிடும்போது அந்த மிகுதியை மறந்துவிடக் கூடாது. படிகாரத்துக்கு 0.0741 மோல் கந்தக அமிலம், மிஞ்சிய காரத்தை நடுநிலையாக்க மேலும் 0.0165 மோல், மொத்தம் 0.0906 மோல். நாங்கள் எடுத்தது 6 மோலார் (லிட்டருக்கு 6 மோல்) அமிலத்தில் 20 மில்லி, அதில் 0.12 மோல் இருக்கும். காரத்தில் அலுமினியம் கரையும்போது ஏறத்தாழ 1.4 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் அடுப்பையும் சுடரையும் தள்ளிவைத்து, சன்னல்களைத் திறந்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்தே செய்ய வேண்டும்.

கரைசலை 50 மில்லி அளவுக்கு வற்றவைத்து அறை வெப்பநிலையிலேயே விட்ட குழுவுக்குக் கிடைத்தது 10.92 கிராம், 62 சதவீதம். பனிக்கட்டி நீரில் வைத்த குழு, படிகங்களை வடித்த உடனே ஆர்வத்தில் நிறுத்து 18.02 கிராம் என்று எழுதியது. அது 102.5 சதவீதம். ஈரம் என்று தெரிந்தும் அந்த எண்ணை அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வடிதாள்களுக்கு இடையில் ஓர் இரவு வைத்து மறுநாள் நிறுத்தபோது 13.41 கிராம், 76 சதவீதம். இரு குழுக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் காரணம் கரைதிறன். படிகாரம் 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி நீரில் பத்துக் கிராமுக்கு மேல் கரையும். பனிக்கட்டி வெப்பநிலையில் அதில் ஏறத்தாழ பாதிதான். வெப்பமான நாளில் வடித்த நீரோடு சாக்கடைக்குப் போனது, உருவாகாத படிகாரமல்ல, உருவாகியும் கரைந்தே நின்ற படிகாரம். விளைச்சல் குறைந்தது என்றால் வினை முழுமையாக நடக்கவில்லை என்று மட்டுமே எழுதிப் பழகிய மாணவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதாக இருந்தது.

ஈரத்தை விரைவாகப் போக்கச் சூட்டடுப்பில் வைக்கலாமா என்று கேட்டவருக்கும் இந்தத் தராசே விடை சொல்லும். படிகாரம் 92 டிகிரி அளவில் தன் படிக நீரிலேயே உருகிவிடும். மேலும் சூடாக்கினால் அந்த நீரையும் இழக்கும். நீர் முழுவதும் போனால் மோலார் நிறை 474.4 அல்ல, 258.2. கணக்கிலும் இதே இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். படிக நீரைச் சேர்க்க மறந்தவர் கொள்கை விளைச்சலை 9.57 கிராம் என்று வைத்துக்கொண்டு, 13.41-ஐ அதனால் வகுத்து 140 சதவீதம் என்று கொண்டுவந்து நிற்கிறார். நூறுக்கு மேல் விளைச்சல் வந்தால் ஈரம், முழுமையடையாத சிதைவு, தவறான வாய்பாடு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும் என்று இப்போது ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஆண்டு விழாக் கண்காட்சிக்காக 20 கிராம் படிகாரம் தேவைப்பட்டபோது கணக்கைத் தலைகீழாகப் போட நேர்ந்தது. எங்கள் விளைச்சல் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு அலுமினியம் எடுக்க வேண்டும்? வகுப்பில் பாதிப்பேர் 20-ஐ 0.75-ஆல் பெருக்கி 15 என்று கொண்டு, 0.85 கிராம் அலுமினியம் போதும் என்றார்கள். இழப்பு இருக்கிறது என்று தெரிந்தும் குறைவாக எடுக்கச் சொல்லும் கணக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்டதும் திருத்திக்கொண்டார்கள். வகுத்தால் 26.67 கிராம்; அதற்குரிய அலுமினியம் 1.52 கிராம். சமையல்காரர்கள் இந்தத் தவறைச் செய்வதே இல்லை. உரித்தால் கழிவு போகும் என்று தெரிந்தவர் வெங்காயத்தைக் கூடுதலாகத்தான் வாங்குவார்.

தராசு தோற்ற இடம் மெக்னீசிய நாடா. மூசையில் (கடும் சூடு தாங்கும் சிறு கிண்ணம்) 0.30 கிராம் நாடாவை எரித்தால் 0.50 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்க வேண்டும். எங்களுக்கு 0.45 கிராம் கிடைத்தது; 90 சதவீதம் என்று எழுதிவிடலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு நிறையும் மூசையோடு சேர்த்து எடுத்த இரு எண்களின் வித்தியாசம். ஒவ்வொன்றிலும் 0.02 கிராம் பிழை என்றால் வித்தியாசத்தில் 0.04 வரை போகலாம். நாடா 0.26 முதல் 0.34 வரை எதுவாகவும் இருக்கலாம், ஆக்சைடு 0.41 முதல் 0.49 வரை. மிக மோசமான சேர்க்கையில் விளைச்சல் 73 சதவீதமாகவும் இருக்கலாம், 114 சதவீதமாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட எண்ணை வைத்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து மெக்னீசியம் நைட்ரைடு உண்டானதால் நிறை குறைந்தது என்று விளக்கம் எழுதுவது பொருளற்றது. விளக்கம் உண்மைதான், நீர் சில சொட்டுகள் விட்டதும் அம்மோனியா வாடை வந்தது. ஆனால் அதை நிறுவும் வலிமை இந்தத் தராசுக்கு இல்லை. மூசை முழுவதும் ஆறும் முன்பே வைத்தால் நிலைமை இன்னும் கெடும்: சூடான காற்று மேலெழும்போது தட்டையும் சற்றுத் தூக்கிவிடுவதால் நிறை குறைவாகத் தெரியும். இந்தச் செய்முறைக்கு ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். அதன் விலை வேறு.

இரண்டு குறைகள் மிச்சம் உள்ளன. ஒரு நிமிடம் தொடாமல் இருந்தால் தராசு தானாக அணைந்துவிடுகிறது. வெற்றுக் கிண்ணத்தைச் சுழியாக்கிவிட்டு வினைபொருளைக் கொட்டித் திரும்புவதற்குள் அந்தச் சுழி போய்விடும். கிண்ணத்தின் நிறையை முதலிலேயே தாளில் எழுதிவைக்கப் பழகினால் பிழைக்கலாம். இரண்டாவது, அலகை மாற்றும் பொத்தான் அணைக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பதால் கைதவறி காரட்டுக்கு (0.2 கிராம் கொண்ட இரத்தின எடை அலகு) மாறிவிடும். ஒரு குழு 5.00 என்று எழுதிய சோடா உண்மையில் ஒரு கிராம்தான் என்பதை, விளைச்சல் 20 சதவீதம் என்று வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

நான் முதலில் வாங்கிய உருப்படி இரண்டு மாதத்தில் சுழிக்குத் திரும்ப மறுத்தது. கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் மாற்றித் தந்தார். மூடியைத் திறந்தபோது தட்டுக்கு அடியில் காரம் கசிந்து உலோகத்தை அரித்திருந்ததைக் காட்டி, "சார், தங்கம் கசியாதுங்களே" என்றும் சொன்னார். தவறு என்னுடையது. அதன் பிறகு தட்டின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நெகிழித் தாள் இருக்கிறது. அதன் நிறை 0.42 கிராம் என்று தாளின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறோம்.

ஒரு கிராமுக்குக் குறையாத வினைபடு பொருளையும் சில கிராமாவது தரும் விளைபொருளையும் கொண்ட செய்முறைகளுக்கு, அதாவது படிகாரம், சோடா, மயில்துத்தத்தைச் சூடாக்கி நீரை வெளியேற்றுதல் போன்றவற்றுக்கு, இந்த விலையில் இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; குறைத்த ஒன்று, தூவும் பொருளை விழுங்கிவிடும் அந்தக் குணத்துக்கு. ஆறு குழுக்களுக்கு ஒரு தராசு போதவில்லை என்பதால், வருகிற கல்வியாண்டுக்கு இன்னும் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு 100 கிராம் படித்தர எடையும்.